செக்கிங்காரர் பாஸ் பண்ணிய ஒரே சட்டை

செக்கிங்காரர் கண்ணில் குறையில்லாத பொருள் என்று ஒன்று இந்தப் பூமியில் கிடையாது. கடவுளே சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்து நின்றாலும், காலரைத் திருப்பிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்று ஓரமாக நிறுத்தியிருப்பார்.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் முதியோர் குடியிருப்பு. அங்கே எல்லாருக்கும் அவர் செக்கிங்காரர்தான். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தக் கம்பெனி வைத்தும் செக்கிங் டேபிளை விட்டு எழாதவர். தைத்து வரும் பனியனை இழுத்துப் பார்த்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். மறதி நோய் வந்து மனைவி பெயர் போயிற்று. மகன் முகம் போயிற்று. சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போயிற்று. அம்புக்குறி மட்டும் போகவில்லை. மகன் புண்ணியவான், ஸ்டிக்கரை ரோல் ரோலாக அனுப்பிவைத்தான். தான் மட்டும் வரமாட்டான்.

மாதா மாதம் வரும் டாக்டர், ஞாபகசக்தியைச் சோதிக்க, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

"கெழம கெடக்குதுங்க டாக்டரு. உங்க கோட்டு அடிமடிப்பு ஒரு பக்கம் ஏறியிருக்குது, பாக்கலீங்களா? வெளிநாட்டுப் பையர் பாத்தா கன்டெய்னரோட திருப்பி அனுப்பிப்போடுவான்."

டாக்டர் முதுகுப்புறம் அம்புக்குறியோடு எல்லா அறைகளுக்கும் போய்வந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, நான் உட்பட.

சாப்பாட்டு அறையில் தோசையை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சமையல்காரர் தெற்கத்திக்காரர், பொறுமைசாலி.

"தோசைன்னா ஓட்ட இருக்கத்தான அண்ணாச்சி செய்யும்?"

"இத்தன ஓட்ட இருந்தா பீஸ் நிக்காது கண்ணு. மொதல்ல ஊசிய மாத்து."

மறுநாள் சமையல்காரர் ரோஷப்பட்டு, ஓட்டையே விழாமல் தடிமனாக ஊற்றிக் கொண்டுவந்தார். துணி கனம் அதிகம் என்று அதுவும் ரிஜெக்ட்.

எழுபது தாண்டிய என்னையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒரு காலை நடை முடிந்து அறைக்குத் திரும்பும்வரை. இறந்துபோன என் மனைவியின் படத்தில், நெற்றிக்கு நேர் மேலே, சிவப்பு அம்பு. படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதைத்தான் காட்டியிருக்கிறார். உண்மையில் பல மாதமாகவே அது சாய்ந்துதான் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அந்த வாரம் குடியிருப்போர் கூட்டம். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். மணி அடித்தால்தான் நிறுத்துவேன். அங்கே மணி இல்லை. செக்கிங்காரரைத் தனியாக வைக்க வேண்டும் என்று பேசினேன். பொது அமைதி என்றேன், சுகாதாரம் என்றேன், பெண்களின் பாதுகாப்பு என்றேன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மறதி தொற்றிக்கொள்ளும் என்று எங்கள் எல்லாருக்கும் உள்ளூரப் பயம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

மறுநாளே செக்கிங்காரரைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு 'மெமரி கேர்' என்று பெயர். போர்டில் வண்ணத்துப்பூச்சி. போர்டுக்குக் கீழே இரும்புக் கேட், கேட்டில் பூட்டு. ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகனிடம் ஃபோனில் கேட்டார்களாம். எந்தக் கட்டானாலும் சரிங்க, நல்லாப் பாத்துக்குங்க என்றானாம்.

அதன்பின் சாப்பாட்டு அறையில் நான் கேட்டுப் பேசிய அமைதி கிடைத்தது. ஒரு நாள் சமையல்காரர் என் எதிரில் வந்து நின்றார்.

"தோசைய ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்காவ சார். என்னத்தப் போட்டாலும் முழுங்குதாவ. நீங்கதான அன்னைக்கு அம்புட்டு நேரம் பேசுனிய? போயி அவரப் பாத்துட்டு வாங்க."

கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். ஓட்டை நிறைந்த தோசை.

பூட்டைத் திறந்து உள்ளே விட்டார்கள். செக்கிங்காரர் நாற்காலியில் இருந்தார். இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்துக் கட்டு. ஆயுள் முழுக்கப் பனியன் துணியை இழுத்துப் பார்த்த மனிதரை வேஸ்ட் பனியன் துணியால் கட்டியிருந்தார்கள். அதோடு, தூங்கி வழிய மாத்திரை.

அங்கிருந்த பெண்ணை முறைத்தேன். "அவுத்து உட்டா எந்திரிச்சுப் போயிடறாருங்க சார். இத்தன பேருக்கு நான் ஒருத்தி. யாரப் புடிக்கறதுங்க?" என்றாள். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

தோசையை நீட்டினேன். பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. என் சட்டையில் நடுப்பட்டன் இல்லை, உள்பனியன் தெரிந்தது. அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"ஏனுங்க, என் சட்டயக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். "பாஸுங்க" என்றார்.

'கண்ணு' இல்லை. யாரோ மூன்றாம் மனிதனுக்குச் சொல்வதைப் போல ஒரு 'ங்க'.

நேரே மேனேஜரிடம் போனேன். என் பேரன் வயதுப் பையன்.

"நீங்க சொல்லித்தானுங்க சார் மாத்துனோம்."

"நான் சொன்னது தப்பு. வெளிய வண்ணத்துப்பூச்சி வரைஞ்சு வெச்சுட்டு உள்ள மனுசனக் கட்டி வெக்கறது அதவிடத் தப்பு."

"பாதுகாப்புக்குத்தானுங்க."

"அப்ப என்னையும் கட்டுங்க. நேத்துக் குழாயத் தொறந்து உட்டுட்டு நடக்கப் போயிட்டேன். எந்தச் சேருன்னு சொல்லுங்க, உக்காந்துக்கறேன்."

அடுத்த கூட்டத்திலும் எழுந்து பேசினேன். இந்தத் தடவை படத்தைப் பற்றியும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.

கிடைத்தது பாதிதான். கட்டுவதை நிறுத்தினார்கள். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மதியத்துக்கு மேல் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். நானும் இன்னும் சிலரும் முறை போட்டுக்கொண்டு அவரோடு நடக்கிறோம். கூடுதல் ஆள் போடுவதாகச் சொல்லி இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் ஏசி இருக்கிறதா, டிவி இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். ஐயா, பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பெண் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேளுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

பல நாள் அவர் பேசாமல்தான் கூட நடந்தார். ஸ்டிக்கர் ரோலைக் கையில் கொடுத்தேன். மடியில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். என் சட்டையைப் பட்டன் இல்லாத இடத்தில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

"இத யாரு கண்ணு பாஸ் பண்ணுனது?"

நெஞ்சை நிமிர்த்தி, சட்டையை வெளிச்சத்துக்குக் காட்டினேன்.

"எவனோ தூங்கிட்டே பாத்திருக்கறான். ரிஜெக்ட்" என்று சொல்லி, ரோலில் இருந்து ஒரு அம்புக்குறியைக் கிழித்து என் நெஞ்சில் ஒட்டி, நன்றாக அழுத்திவிட்டார்.

அந்தப் பட்டனை நான் இன்னும் தைக்கவில்லை.