ஃப்ரட்டர்னிட்டியில் நான் நடத்திய டியூஷன்

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வியாதி உண்டு. யாராவது புத்தகத்தைத் திறந்துவைத்துத் தலையைச் சொறிந்தால் போதும், கேட்காமலே பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். இதற்குக் காரணம் திருப்பூரில் என் ஏழாம் வகுப்பு டீச்சர். முதல் ரேங்க் வாங்குகிறவனைக் குரூப் லீடராக்கி, சுமாராகப் படிக்கும் ஐந்து பேரை அவன் தலையில் கட்டிவிடுவார். அவர்கள் ஃபெயிலானால் அடி எனக்கு. (இங்கே இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.)

பத்தாவது முடித்த கையோடு அப்பாவின் வேலைக்காக நியூ ஜெர்சி வந்தோம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, அங்கே பள்ளி முடித்துச் சேர்ந்த காலேஜ் அரை மணி நேரத் தூரம். ஆனாலும் காம்பஸிலேயே தங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஜிபிஏ மூணுக்குக் கீழ போச்சுன்னா அன்னைக்கே பொட்டியக் கட்டிட்டு வந்தரோணும். தெனமும் நானே டிராப் பண்ணுவேன்."

(ஜிபிஏ என்பது நாலுக்குப் போடும் சராசரி மார்க்.) காலேஜ் வாசலில் அப்பாவின் காரிலிருந்து டிபன் பாக்ஸோடு இறங்குவதை நினைத்தாலே எனக்கு ஜுரம் வந்தது. அந்த பயத்திலேயே முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினேன்.

அடுத்த வாரம் ஜேக் என்ற ஆறடிப் பையன் என்னைத் தேடி வந்தான். ஃப்ரட்டர்னிட்டிக்காரன். அதாவது மூன்று கிரேக்க எழுத்துகளை வாசலில் மாட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் முப்பது பையன்கள் தங்கி, ஒருவரையொருவர் 'பிரதர்' என்று கூப்பிட்டுக்கொள்ளும் சங்கம். "எங்களோடு சேர்ந்துவிடு" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பீர் குடிப்பதில்லை, ஃபுட்பால் தெரியாது, ஜோக் சொன்னால் மறுநாள்தான் சிரிப்பேன். என் நல்ல குணத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானே முடிவு செய்து சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த வீட்டின் சராசரி ஜிபிஏ பாதாளத்தில் கிடந்தது. அது ஏறாவிட்டால் அடுத்த வருஷம் பார்ட்டியே கூடாது என்று காலேஜ் சொல்லியிருந்தது. என் குணத்தை யாரும் பார்க்கவில்லை, மார்க்கைத்தான் பார்த்தார்கள். அப்பாவிடம் "மார்க் பார்த்து எடுத்தாங்கப்பா" என்றேன். அவர் அதைக் கோயில் பார்க்கிங் லாட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

தினமும் சாயங்காலம் அந்த வீட்டு டைனிங் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் நாள் என் பிசிக்ஸ் புத்தகத்தோடு போனேன். எதிரே ஜேக் கெமிஸ்ட்ரியைத் திறந்துவைத்துத் தலையைச் சொறிந்தான். அவ்வளவுதான். இரண்டாவது வாரத்தில் என் முன்னால் கியூ நின்றது. அக்கவுண்டிங், சைக்காலஜி என்று நான் எடுக்காத பாடத்தையெல்லாம் முந்தின நாளே படித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வியாழக்கிழமை பார்ட்டியில்கூட ஒருவன் என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டவுட் கேட்பான். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு மேத்ஸ் கிளாஸ். நான் போனதாக ஞாபகமில்லை. என் பாடம்தானே, அது எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் அந்த வீட்டில் பெற்றோரை அழைக்கும் குடும்ப தினம் வந்தது. அப்பா கோட் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா எலுமிச்சை சாதத்தை அலுமினிய டிரேயில் கொண்டுவந்தார். டைனிங் ஹால் சுவரில் 'ஸ்டடி ஹவர்ஸ்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதன் கீழே என் பெயர், பக்கத்தில் 'வாரம் பதினைந்து மணி நேரம்'. வேறு பெயரே இல்லை. எனக்கு அது என்னவென்று புரியவில்லை. அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பாத்தியா? வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேரம் படிக்கறான். முதல் ரேங்க்க மட்டும்தான் போடுவாங்களாட்ட இருக்குது" என்று அம்மாவிடம் சொல்லி, போட்டோ எடுத்து, ஊர்க்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டார்.

ஜேக் வந்து அப்பாவின் கையைக் குலுக்கினான். "உங்கள் மகனால்தான் நாங்கள் எல்லோரும் மிட்-டெர்ம் பரீட்சையில் தப்பித்தோம் சார்" என்றான் ஆங்கிலத்தில். அப்பா சுவரைக் காட்டி, இதற்குப் பரிசு உண்டா என்று கேட்டார். ஜேக்கின் முகம் குழம்பியது.

"இல்லை சார், அது மிட்-டெர்மில் ஜிபிஏ விழுந்தவர்களுக்குப் போடும் கட்டாயப் படிப்பு. கவலைப்படாதீர்கள், நானே பக்கத்தில் உட்கார்ந்து இவனைப் படிக்க வைக்கிறேன்."

அப்பா என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"இவனுகளுக்கெல்லாம் நீதான் சொல்லிக் குடுத்தயா?"

"ஆமாப்பா."

"எல்லாரும் பாஸா?"

"ஆமாப்பா."

"அப்ப உன்ற பாடத்த யார்றா படிச்சது?"

அம்மாவோ, "அந்த ஜேக்குப் பையன் பாஸாமா? நல்லா இருக்கட்டும்" என்று அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் எலுமிச்சை சாதம் வைத்தார்.

அதற்குள் குரூப்பில் வாழ்த்துகள் குவிந்துவிட்டன. ஓர் அங்கிள், "எங்க பையனையும் இதுல சேர்க்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அப்பாவுக்கு மெசேஜை அழிக்கத் தெரியாது, உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை. காரில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் 'நன்றி' என்று தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன். பட்டம் வாங்கும்வரை அப்பாதான் டிராப். செமஸ்டர் முடியும்வரை வாரம் பதினைந்து மணி நேரத்தையும் ஜேக் கண்காணிப்பில் உட்கார்ந்து தீர்த்தேன். (கண்டிப்பானவன். பாத்ரூம் போனால்கூட அந்த நிமிஷங்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவான்.)

இப்போது டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே அப்பா என் மனைவியிடம் இந்தக் கதையை ஒப்பித்துவிட்டார். மகள் கணக்கு நோட்டோடு என்னிடம் வரும்போதெல்லாம் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்:

"அப்பாகிட்டயே கேளும்மா. உனக்குக் கண்டிப்பா ஏ வரும். அப்பாவுக்கு என்ன வரும்னுதான் தெரியல."