வேட்டைக்குப் போன அய்யனாரும் மச்சான் போட்ட முள்வேலியும்

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து,
காணும் பொங்கலுக்கு மறுநாள்.

அன்புள்ள மச்சான் பஞ்சநாதனுக்கு, மாமா கொளஞ்சியப்பன் எழுதுவது.

அன்புள்ள என்பது வழக்கத்துக்காக எழுதியது, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே நான், உன் அக்காள் பவானி, மகள் கனிமொழி, சினைமாடு உட்பட எல்லோரும் நலம். சிதம்பரத்தில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். கம்பி விற்கிற விலையில் மக்காச்சோளக் கொல்லையைச் சுற்றி முள்வேலி போட்டவனுக்கு என்ன குறை? போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அதனால் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது.

காணும் பொங்கலன்று நம் அய்யனார் பாரிவேட்டைக்குப் போவது உனக்குத் தெரியாததல்ல. குதிரை வாகனத்தில் அவரை வைத்துத் தோளில் தூக்கிப்போய், உன் கொல்லைக்கு நடுவில் இருக்கிற வேட்டைத் திட்டில் இறக்கி, பூசாரி அம்பு விட வேண்டும். முன்பு முயலை ஓடவிட்டு அடித்தார்கள். வனத்துறை வந்து பேசிய பிறகு பூசணிக்காய். புறப்பட்ட சாமி அம்பு விடாமல் திரும்பினால் அந்த வருஷம் ஊரில் தாலி ஏறாது. கனிமொழிக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். இவ்வளவும் தெரிந்தும் கேட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டுப் போட்டாயே, அதைத்தான் கேட்கிறேன். சாவி கொடு என்று காலையும் மாலையும் போன் செய்ததற்கு, நீ அக்காளிடம் கொடுத்தனுப்பியது ஒரு காகிதப் பொட்டலம். நடராஜர் கோயில் விபூதி. இருந்த கோபத்தில் பிரிக்கக்கூட இல்லை, வேட்டி முனையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். விபூதி அனுப்பத் தெரிந்தவனுக்குச் சாவி அனுப்பத் தெரியவில்லை.

வேட்டைக்குப் பெண்கள் வருகிற வழக்கம் இல்லையே, ஆம்பிளைகள் மட்டும் சாமியோடு உன் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூசாரி அருள்முருகன் மெதுவாக, "என்னா மாமா, திருப்பிடலாமா?" என்றான். "திருப்புனா எம்பொண்ணு கல்யாணத்த நீ நடத்தி வப்பியா? வேலி தாண்டித்தான் போவணும்" என்றேன். நீ என்.சி.சி.யில் இருந்தபோது வீட்டுக்கு வந்து அளப்பாயே, வேலி தாண்டும்போது ஆயுதம் முதலில் ஆள் பிறகு, கம்பத்தை ஒட்டித் தாண்டணும், ஒருத்தன் தாண்டும்போது இன்னொருத்தன் கம்பியைப் பிடிக்கணும் என்று, அத்தனையும் செய்தோம். வில்லும் அம்பும் முதலில் போயின, அம்பு முனை யாரையும் பார்க்காதபடி. மேல் கம்பியில் சாக்கைப் போட்டு, கவைக்கோலால் தூக்கிப் பிடித்து, கீழ்க் கம்பியை மிதித்து, ஆட்கள் நுழைந்தார்கள். அப்புறம் சாமியைக் கைமாற்றினோம். மாலையில் ஒரு பூ உதிரவில்லை. உன் வேலி தோற்றது அங்கேயே.

கடைசியில் நான். அம்பு எடுத்துக் கொடுக்கிற மரியாதை எனக்கு, ஆனால் இந்தப் பக்கம் கம்பியைப் பிடிக்க ஆள் மிச்சமில்லை. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே, வேட்டி பின்னால் மாட்டிக்கொண்டது. "அசையாதீங்க மாமா, கிழிஞ்சிடப் போவுது" என்றான் அருள்முருகன். "கிழியட்டும், பொழுது எறங்குது, அம்ப இப்படிக் குடு" என்று வேலி மேலிருந்தே வாங்கி, முறைப்படி அவனிடம் கொடுத்தேன். சாமியைத் திட்டில் இறக்கினார்கள், மேளம் முழங்கியது. அவன் விட்ட அம்பு பூசணிக்காயைத் தொடாமல் சோளத்துக்குள் போனது, உள்ளேயிருந்து ஒரு காட்டுப்பன்றி கிளம்பி நேரே என்னைப் பார்த்து வந்தது. நான் வேட்டியை வேலிக்கே விட்டுவிட்டுக் குதித்தேன். பன்றி, கம்பிக்கு அடியில் தான் எப்போதோ பறித்து வைத்திருந்த பள்ளத்தில் இறங்கி, நிதானமாக வெளியே போனது. பன்றிக்கு என்று நீ போட்ட வேலி பன்றியைத் தவிர எல்லாரையும் நிறுத்துது மச்சான்.

துண்டைக் கட்டிக்கொண்டு சாமிக்குப் பின்னால் தலை நிமிர்ந்துதான் ஊருக்குள் வந்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த சம்பந்தி சுப்பராயலுவும் பார்த்தார். பார்க்கட்டும். அடுத்த வருஷமும் அய்யனார் அதே வழியில்தான் வருவார், உன்னிடம் சாவி கேட்க மாட்டோம். நிச்சயதார்த்தத்துக்கு நீ வர வேண்டாம். தாய்மாமன் தாம்பூலத்தை அய்யனாருக்கு வைத்துவிடுகிறேன், அவர் வேலி தாண்டியாவது வருவார்.

உனக்கும் உன் பெண்டாட்டி சந்திரலேகாவுக்கும் என் ஆசீர்வாதம் உண்டு. வேலிக்குக் கிடையாது.

இப்படிக்கு,
தலை குனியாத உன் மாமா,
கொளஞ்சியப்பன்

பி.கு.: உன் அக்காள் இப்போதுதான் வேலியிலிருந்து வேட்டியை எடுத்து வந்து, துவைக்கப் போடும் முன் முடிச்சை அவிழ்த்தாள். பொட்டலத்தில் விபூதி இல்லை, உன் பூட்டுச் சாவி இருக்கிறது. "தம்பி குடுத்தான்னு சொன்னனே, நீங்கதான் அவனத் திட்டிக்கிட்டே வாங்கி முடிஞ்சீங்க" என்கிறாள். இருக்கட்டும். சிதம்பரத்திலிருந்து பொட்டலம் வந்தால் யாராக இருந்தாலும் விபூதி என்றுதான் நினைப்பார்கள். எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை விடியக்காலையிலேயே வந்துவிடு, நீ இல்லாமல் தட்டு மாற்ற மாட்டேன் என்று உன் அக்காளிடம் சொல்லிவிட்டேன். ஊரில் மட்டும் நீ சாவி கொடுக்கவில்லை என்றே பேச்சு. வந்து அதை மாற்றாதே.