பெண் பார்க்கப் போன இடத்தில் மல்லிகைக்குக் கவாத்து

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முருகன் புண்ணியத்தில் பீடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் காய்ந்த கொப்போடு ஒரு செடி கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. பஸ் ஸ்டாப் அரளியோ, டாக்டர் வீட்டு வாசல் குரோட்டன்ஸோ, பேசிக்கொண்டே கிள்ளிவிடுவேன். (டாக்டர் சம்சாரம் இன்னும் என்னோடு பேசுவதில்லை.)

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வத்தலகுண்டு ரோட்டில் ஒரு நர்சரியில் சேர்ந்தவன் நான். பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது, கவாத்து வெட்டுவது, இவைதான் எனக்குத் தெரிந்த கல்வி. இடுப்பில் மடக்குக் கத்தி இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போனதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகைக் கடைசி. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது என்று அம்மா அவசரப்படுத்தி, சின்னாளப்பட்டிக்குப் பெண் பார்க்கக் கூட்டிப் போனாள். அதற்கு முன் இரண்டு இடங்கள், "மாப்பிள்ளை மண்ணு கிளறுற வேலையாமே" என்று தட்டிப் போயிருந்தன.

"இந்த இடமாச்சும் அமையணும் அப்பு. போன இடத்துல கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று பஸ்ஸிலேயே பாடம் எடுத்தாள்.

பெண்ணின் பெயர் சாந்தி. அப்பா தறிக்காரர். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, கடைசியில் காபி டம்ளரோடு சாந்தியும் வந்தாள். நான் அவளைப் பார்த்தேன் என்றா நினைக்கிறீர்கள்? அவள் தலைக்குப் பின்னால், ஜன்னல் வழியே தெரிந்த மல்லிகைச் செடியைப் பார்த்தேன்.

அது இருந்த கோலத்தை என்னவென்று சொல்வது! ஆளுயரத்துக்கு வளர்ந்து, சிக்குப் பிடித்த தலையாக, பாதிக்கு மேல் காய்ந்த குச்சி. மல்லிகைக்குக் கவாத்து வெட்ட அதுதான் சரியான பருவம். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டால், பங்குனி சித்திரையில் பூ கொட்டும். இது தெரியாமல் ஒரு செடியை இப்படி வதைக்கிறார்களே என்று எனக்குக் காபியே இறங்கவில்லை.

"செத்த நேரம், கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்தேன். அம்மா முறைத்தாள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சத்தியமாக ஒரே ஒரு காய்ந்த குச்சியைத்தான் எடுக்க நினைத்தேன். ஒன்று பத்தானது. கொல்லையில் ஒரு கீற்று வேலி இருந்தது. செடி அதன்மேல் சாய்ந்து இரண்டு பக்கமும் படர்ந்திருந்தது. இந்தப் பக்கத்தை வெட்டி முடித்ததும், பாதித் தலைக்கு மட்டும் முடி வெட்டியது போல அசிங்கமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, வேலியைத் தாண்டி, மறுபக்கத்தையும் முடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகான கவாத்து!

"ஏலே! யாருலே அது?"

பின்னால் ஒரு பெரியம்மா குடத்தோடு நின்றிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்திருக்கேன் ஆத்தா."

"பொண்ணு எங்க வீட்டுச் செடிக்குள்ளயா இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. செடியின் தூர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி அம்மாவின் செடி. அவருடைய மகன் பட்டாளத்துக்குப் போகும் முன் வைத்துவிட்டுப் போனது. அந்தச் செடி வேலிமேல் சாய்ந்து குப்பை போடுகிறது என்று இரண்டு வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. (இதை யாராவது கேசரி வைக்கும்போதே சொல்லியிருக்கலாம்.)

சத்தம் கேட்டு எல்லோரும் கொல்லைக்கு ஓடி வந்தார்கள். பொன்னுத்தாயி அம்மா சாந்தியின் அப்பாவைப் பார்த்து, "உனக்கு வெட்டத் தைரியமில்லாம, மாப்பிள்ளைன்னு ஒருத்தனக் கூட்டியாந்து வெட்டுறியாக்கும்!" என்று மண்ணை வாரித் தூற்றினார்.

"துளிர்த்துரும் ஆத்தா, முன்னைவிட நல்லாப் பூக்கும்" என்றேன், தலையெல்லாம் இலையும் கையில் கத்தியுமாக. ஒருவர்கூட நம்பவில்லை. சேவுகம்பட்டிப் பக்கமாக இருந்தால் பூந்தோட்டக்காரர்கள் எனக்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள். இது தறி ஊர்.

சாந்தியின் அப்பா என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பா நெனைக்காதீங்க. நல்ல காரியம் பேச வந்த அன்னைக்கே பச்சைச் செடிய மொட்டையடிச்ச கையில எப்படிம்மா பொண்ணப் பிடிச்சுக் குடுக்கிறது? மார்கழி போகட்டும். செடி துளிர்த்தாப் பேசுவோம்."

திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா சொன்னாள்: "உன்னையப் பெத்ததுக்கு ஒரு மல்லிகைய வச்சு வளத்திருக்கலாம்."

அந்த மார்கழி முழுவதும் விடியற்காலையில் குளித்துக் கோயிலுக்குப் போனேன். மற்றவர்கள் நல்ல வரன் வேண்டினார்கள். நான் ஒரு செடிக்குத் துளிர் வேண்டினேன். என் கவாத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழைய செடி. கோபத்தில் அந்தம்மா தண்ணீர் ஊற்றாமல் விட்டால்? பிடுங்கியே எறிந்துவிட்டால்? போய்ப் பார்க்கவும் முகமில்லை. "முருகா, துளிர்த்தால் பழநிக்கு நடந்து வந்து மொட்டை போடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு கார்டு வந்தது. "செடி துளிர்த்துவிட்டது. நல்ல நாள் பார்த்து வரவும்." இரண்டே வரி. நான் அழுதுவிட்டேன்.

தைப்பூசத்துக்கு நடந்து போய் மொட்டை போட்டேன். மாசியில் கல்யாணம். போட்டோவில் பாருங்கள், அந்தச் செடிக்கு இருந்த துளிர்கூட என் தலையில் கிடையாது. பங்குனியில் முதல் பறிப்புப் பூவைப் பொன்னுத்தாயி அம்மாவே கட்டிக் கொண்டுவந்து சாந்தியின் தலையில் வைத்தார்.

பிறகுதான் சாந்தி சொன்னாள். நான் வெட்டிவிட்டு வந்த மறுநாளே அந்தம்மா செடியைத் தோண்டி எறிய மண்வெட்டி எடுத்தாராம். "தை வரைக்கும் பொறுங்க ஆத்தா, நான் தண்ணி ஊத்துறேன்" என்று கெஞ்சி, மார்கழி முழுவதும் கோலம் போட்ட கையோடு வேலியோரம் நின்று தினமும் ஒரு குடம் ஊற்றியிருக்கிறாள். அப்படித்தான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்திருக்கிறது.

"ஏன் ஊத்துன?" என்று கேட்டேன்.

"காபி குடுத்தவ மூஞ்சியப் பாக்காம, அந்தச் செடிய அம்புட்டு வாஞ்சையாப் பாத்தீங்க. நம்மளையும் என்னைக்காச்சும் அப்பிடிப் பாக்காமயா போயிருவாருன்னுதான்."

நான் வேண்டியது முருகனிடம். அவன் யார் கையில் குடத்தைக் கொடுத்தான் பாருங்கள்.

அதிலிருந்து கார்த்திகைக் கடைசியில் அந்தச் செடிக்குக் கவாத்து என் பொறுப்பு. அதற்கு எங்கள் வீட்டில் 'பொண்ணு பாக்கப் போறது' என்றே பெயராகிவிட்டது. வீட்டுக்குப் போன் வந்த புதிதில், ஒரு கார்த்திகையில் நர்சரி முதலாளி கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது இரண்டாவது படித்த என் மகள்.

"அப்பா இல்லீங்க. சின்னாளப்பட்டிக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்காரு."

"யாருக்கும்மா?"

"அவருக்குத்தான். வருசா வருசம் போவாரு. அம்மாதான் கத்தியத் தீட்டிக் குடுத்து அனுப்புனாங்க."