கவச வண்டிக்குக் கல் தேடிய கதை

ஒரு மாவட்டம் அமைதியாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு என்பது, 2010-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், தலைமைக் காவலர் தேவசகாயத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய வைகாசி மாதம் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கவச ஊர்தி வந்து சேர்ந்தது. அதை நிறுத்தச் சிதம்பரத்தில் ஒரு கொட்டகை, கவனிக்கக் ‘கவச ஊர்திப் பிரிவு’, பிரிவுக்கு ஞானசேகரன் என்றொரு ஆய்வாளர், ஓட்டத் தேவசகாயம். குண்டு துளைக்காத கண்ணாடி. சுற்றிலும் பன்னிரண்டு ஓட்டைகள். உள்ளே பன்னிரண்டு பேர் உட்கார்ந்து எதிரியை நோக்கித் துப்பாக்கி நீட்டலாம். எதிரியைத்தான் தேட வேண்டியிருந்தது.

இடுப்புக்கு மேலே பார்த்தால் போர்க்களம். இடுப்புக்குக் கீழே பார்த்தால் லாரி. கரும்பு ஏற்றுகிற லாரிக்கு என்ன சேசிஸோ அதே சேசிஸ். அதன்மேல் இரும்புப் பெட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் போனால், எஞ்சின் சத்தத்தை நம்பிப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து கரும்பு உருவப் பார்த்தார்கள். கையில் இரும்பு தட்டுப்பட்டதும் அரசாங்கத்தை ஏசிவிட்டுத் திரும்பினார்கள்.

பெரியவர்களுக்கு அது வேறு விதத்தில் பயன்பட்டது. அந்த ஆண்டு சிதம்பரத்து ஃப்ளெக்ஸ் பேனர்களில் சிங்கமும் புலியும் மதிப்பிழந்தன. மாப்பிள்ளை கவச வண்டியின்மேல் கால்வைத்து நின்றார். மஞ்சள் நீராட்டு விழாப் பெண் அதன் ஓட்டை வழியே சிரித்தாள். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றில், எண்பத்தாறு வயதில் தூக்கத்தில் இறந்துபோன ஒருவர் அதிலேறி வானுலகம் போய்க்கொண்டிருந்தார்.

இப்படியாக, மக்களை அஞ்சவைக்க வந்த வண்டி மக்களோடு ஒட்டிப்போனது. அங்கேதான் வினை பிடித்தது.

“யோவ் தேவசகாயம், இதப் படி” என்று ஆய்வாளர் ஞானசேகரன் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். ‘ஓராண்டு காலத்தில் உரிய தாக்குதலுக்கு உள்ளாகாத ஊர்திகள் பயன்பாடற்றவை எனக் கருதப்பட்டு, தேவையுள்ள மாவட்டங்களுக்கு மாற்றப்படும். மார்ச் 31-க்குள் தாக்குதல் விவரப் படிவம் அனுப்பாத மாவட்டத்தின் ஊர்தி, உபகரணங்களுடன் தர்மபுரிக்கு அனுப்பப்பட வேண்டும்.’

உபகரணங்களின் பட்டியல் கீழே இருந்தது. ஜாக்கி, ஒன்று. ஸ்டெப்னி, ஒன்று. பயிற்சி பெற்ற ஓட்டுநர், ஒன்று.

தேவசகாயம் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ராமநாதபுரம், ஊட்டி, நாகர்கோவில் என்று போகாத ஊரில்லை. மனைவி சவரியம்மாள் சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். வண்டி வந்த புண்ணியத்தில்தான் எட்டு மாதமாக இருவரும் ஒரே வீட்டில், ஒரே கொசுவலைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வண்டி போனா நீங்களும் போவணுமா?” என்றாள் சவரியம்மாள்.

“ஸ்டெப்னி போவுதுல்ல?”

“அப்ப யாரயாவது கல்லெறியச் சொல்லுங்க. ஊருல உங்களப் புடிக்காதவங்க ஒருத்தர்கூடவா இல்ல?”

“எட்டு மாசந்தான ஆவுது.”

மறுநாள் அவர் ஞானசேகரனோடு படிவத்தை ஆராய்ந்தார். பதினான்கு கட்டங்கள். தாக்குதல் நடந்த திசை, கற்களின் எண்ணிக்கை, சராசரி எடை. ஒன்பதாம் கட்டம்: ‘தாக்குதலுக்கான காரணம் (விரிவாக)’. மூன்று பேனா மை தீர எழுதலாம், அவ்வளவு இடம்.

இதில் பெரிய இடைஞ்சல், கல். சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் கல்லே கிடையாது. எல்லாம் வண்டல். ஆள் உயரம் தோண்டினாலும் களிமண்தான் வரும். நாய் துரத்தினால்கூட இங்கே குனிந்து எடுக்க ஒன்றுமில்லாமல் சும்மா குனிவார்கள். நாயும் பரம்பரையாக அதற்கே ஓடும்.

“மண்ணாங்கட்டி எறிஞ்சா ஆவாதா ஐயா?”

“படிவத்துல ‘கல்’னு போட்டிருக்குய்யா. மண்ணாங்கட்டிக்கு எந்தக் கட்டத்துல எழுதறது?”

ஊர் மட்டும் கிடைத்தது. கீரப்பாளையத்துக்கு மேற்கே தாமரைப்பள்ளம். அதன் வாய்க்கால் பாலம் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நடுவில் விழுந்துவிட்டது. ஊரே பனைமரத்தைப் போட்டுக் கடந்துகொண்டிருந்தது. ஊராட்சித் தலைவி தில்லையம்மாள், திங்கட்கிழமைதோறும் கடலூருக்குப் போய் மனு கொடுத்துக் கொடுத்து, கலெக்டர் ஆபீஸ் வாசல் நாவல் மரத்துக்கே அடையாளம் தெரிந்த ஆளாகிவிட்டவர்.

“கல்லா?” என்றார் தில்லையம்மாள், தேடிவந்த இருவரிடமும். “ஏன் ஏட்டையா, நாங்க எதுக்கு உங்கள அடிக்கணும்? போன மழைக்கு இந்த வண்டிலதான எங்க புள்ளைங்கள ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனீங்க?”

“அதான்கா தப்பாப் போச்சு.”

“கேஸு போட்டுருவீங்களே.”

“அடையாளம் தெரியாத நபர்கள்னு போட்டுக்கலாம்மா” என்றார் ஞானசேகரன் பெருந்தன்மையாக.

தில்லையம்மாள் படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்பதாம் கட்டத்தில் விரல் நின்றது. “இதுல ஏன் அடிச்சாங்கன்னு எழுதுவீங்களா?”

“விரிவா.”

“இது மெட்ராசுக்குப் போவுமா?”

“நேரா. நடுவுல யாரும் தொடமாட்டாங்க.”

“ஆறு வருசமா பாலம் ஒடஞ்சி கெடக்குதுன்னு அதுல எழுதுனா, படிப்பாங்களா?”

“படிச்சித்தான்கா ஆவணும். கட்டம் இருக்குதே.”

தில்லையம்மாள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “டேய் கொளஞ்சி, எல்லாரயும் வரச்சொல்லு. கல்லெறியணுமாம்.”

கல்லுக்குத் தேவசகாயமே வழி கண்டார். விழுப்புரம் தாண்டி ஒரு குவாரியில் பேசி, கவச வண்டியிலேயே போய், பின்கதவைத் திறந்து, உள்ளே நாற்பது எம்.எம். கருங்கல் ஜல்லியை ஏற்றிக்கொண்டு வந்தார். எட்டு மாதமாக முனகிக்கொண்டிருந்த வண்டி, முதுகில் பாரம் ஏறியதும் பிறவிப்பயன் அடைந்ததுபோல் ஒரே சீராக ஓடியது. தன்னை அடிக்கப்போகும் கல்லைத் தானே சுமந்துவந்த முதல் போர் ஊர்தி அதுவாகத்தான் இருக்கும்.

தில்லையம்மாளின் தம்பி கொளஞ்சியப்பன் கரும்பு லாரி டிரைவர். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா, இது எங்க மொதலாளி லாரிக்குத் தம்பி! ஸ்பிரிங் கட்டு வீக்கு மாமா. பாத்து எறியச் சொல்றேன்.”

தாக்குதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு என்று ஞானசேகரன் ஆணையிட்டார்.

“பத்தரைக்கு ராகுகாலம் சார்” என்றார் தில்லையம்மாள். “ஒரு காரியம் தொடங்குற நேரமா அது?”

ஒன்பதேகாலுக்கு மாற்றப்பட்டது. அடையாளம் தெரியாத நபர்களின் பட்டியலில் முப்பத்தேழு பேர் தகப்பனார் பெயருடன் கையெழுத்திட்டார்கள். அதில் நான்கு கைநாட்டு. முதல் கல்லுக்கு முன்னால் வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பன் அடம்பிடித்தான். சூடம் காட்டியதும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உள்ளேயிருந்த தேவசகாயம் தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எறிங்க!” என்றார் ஞானசேகரன்.

யாருக்கும் கை வரவில்லை. “சும்மா நிக்கிற வண்டிய எப்படி சார்?” என்றார் ஒருவர். கடைசியில் கொளஞ்சியப்பன், “மன்னிச்சிக்குங்க மாமா” என்று சொல்லி ஒன்றைத் தட்டினாற்போல் விட்டான். டங் என்று நல்ல சத்தம். அது பிடித்துப்போய் இன்னொருவர், இன்னொருவர். ஒரு அம்மாள் குழந்தையின் கையில் கல்லைக் கொடுத்துப் போடவைத்தார். கொஞ்ச நேரத்தில் ஞானசேகரனுக்கு எண்ணிக்கை தப்பியது. “நிறுத்துங்க! மொதல்லேருந்து ஒவ்வொருத்தரா!”

எல்லாம் முடிந்ததும் தில்லையம்மாள் ஜல்லிக் குவியலை ஆசையோடு பார்த்தார். “சார், இந்தக் கல்லயே போட்டு, ஒரு நாளு கலவ கலந்தா பாலத்த நாங்களே முடிச்சிருவோம்.”

“தொடாதீங்கம்மா. அது சான்றுப் பொருள்” என்றார் ஞானசேகரன்.

ஜல்லி உடைந்த பாலத்தின் ஓரத்திலேயே குவிக்கப்பட்டது. பாலம் கட்டுவதற்காக யாரும் எடுத்துவிடாதபடி ஒரு காவலர் நிறுத்தப்பட்டார்.

படிவம் சென்னைக்குப் போனது. ஒன்பதாம் கட்டத்தைச் சவரியம்மாள்தான் எழுதிக்கொடுத்தாள், அழகான கையெழுத்தில். பதில் இருபது நாளில் வந்தது. அத்தனை சீக்கிரம் அரசாங்கத்திடமிருந்து தாமரைப்பள்ளத்துக்கு எதுவும் வந்ததில்லை. பாலத்தருகே ஊர் கூடி நிற்க, ஞானசேகரன் நிமிர்ந்து நின்று படித்தார்.

“‘ஒன்று. தாக்குதல் திருப்திகரமாக நடைபெற்றுள்ளது. ஊர்தி கடலூர் மாவட்டத்திலேயே நீடிக்கும்.’”

தேவசகாயம் கண்ணை மூடிக் கொசுவலையை நினைத்துக்கொண்டார்.

“‘இரண்டு. பாலம் உடைந்திருப்பதே தாக்குதலுக்குக் காரணம் என ஒன்பதாம் கட்டத்தின்வழித் தெளிவாகிறது. பாலம் சீரமைக்கப்பட்டால் காரணம் நீங்கி, ஊர்தி மீண்டும் பயன்பாடற்றதாகும். எனவே, மேற்படி பாலத்தை உடைந்த நிலையிலேயே தொடர்ந்து பராமரிக்கப் பொதுப்பணித் துறை கேட்டுக்கொள்ளப்படுகிறது.’”

ஊர் உடைந்த பாலத்தைத் திரும்பிப் பார்த்தது.

“‘மூன்று. பதற்றம் நிறைந்த இவ்விடத்திலேயே ஊர்தி இரவும் பகலும் நிறுத்தப்பட வேண்டும். உபகரணங்கள் எதுவும் ஊர்தியைவிட்டு அகலக் கூடாது.’”

ஆக, தர்மபுரிக்குப் போக வேண்டியிருந்த தேவசகாயம், வீட்டிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, வயல் நடுவே, இரும்புப் பெட்டிக்குள் குடியேறினார். பன்னிரண்டு ஓட்டை வழியாகவும் கொசு வந்தது.

அடுத்த சனிக்கிழமை சவரியம்மாள் பஸ் பிடித்து, வரப்பில் நடந்து, தூக்குச் சட்டியோடு வந்து சேர்ந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். உள்ளே, லுங்கியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். குவியலில் கனமான கல்லாகத் தேர்ந்தெடுத்து வீசினாள்.

ஹெட்லைட் சுக்குநூறானது. அது மட்டும் கவசமில்லாத, சாதாரண லாரி ஹெட்லைட்.

இதுவரை விழுந்த கற்களில் உண்மையான கோபத்தோடு விழுந்தது அது ஒன்றுதான். சத்தம் கேட்டு ஓடிவந்த தாமரைப்பள்ளத்துக்காரர்களுக்கும் அப்போதுதான் உடம்பில் ஏதோ ஏறியது. தில்லையம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு கல்லை எடுத்தார். கொளஞ்சியப்பன் இரண்டு எடுத்தான். முப்பத்தேழு பேரும் எடுத்தார்கள். சான்றுப் பொருளுக்குக் காவல் நின்றவர் விலகி வழிவிட்டார்.

வண்டியைப் பார்வையிட வந்திருந்த ஞானசேகரன் மட்டும் அசையவில்லை. “டீச்சர், என்ன இது? படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? இந்த வருஷத் தாக்குதல் முடிஞ்சிபோச்சி. நெனச்ச நேரத்துல எறியறதுக்கு இது என்ன சத்திரமா? ஒரு முறை இல்ல?”

சவரியம்மாள் அவரை முறைத்தாள். இருபது ஆண்டு அரசாங்க வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட கை, தானாகக் கைப்பைக்குள் போய்ப் பேனாவைத் தேடியது.

“என்ன முறை சார்?”

“வர்ற ஏப்ரலுக்கு மனு குடுங்க. காரணத்தோட.”

“யார் பேருக்கு?”

“எம் பேருக்கே போடுங்க. ரெண்டு நகல்.”

அவள் வண்டியின் பானெட்மேல் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் தில்லையம்மாள் போய் நின்றார். அவருக்குப் பின்னால் கொளஞ்சியப்பன். வரிசை பனைமரத்தைத் தாண்டி அக்கரை வரை நீண்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சரோ விரிவாக எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு பேரும் கையிலிருந்த கல்லைத் தரையில் வைத்து வரிசையில் இடம் போட்டுவிட்டு, நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.