தேங்காய் எண்ணெய் குடித்த கத்தி

எண்ணெய் மில் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது கெட்டுப்போனாலும் தேங்காய் எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று மனப்பூர்வமாக நம்புவார்கள். தலைவலிக்கு எண்ணெய், கொசுக்கடிக்கு எண்ணெய், கீச்சிடும் கதவுக்கு எண்ணெய், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு ஒரு டின் எண்ணெய். காங்கேயத்தில் அப்பாவின் மில்லில் வளர்ந்த எனக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. அது கடைசியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், பைக்காரா போகிற வழியில் ஒரு புல்வெளி. சுற்றிலும் பனிமூட்டம். எதிரில் கொலைப்பசியோடு என் மாமியார் குடும்பம்.

முதலில் கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பாய் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி அது. மரக் கைப்பிடி, சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளமான அலகு. களத்தில் காயப்போட்ட கொப்பரையைக் கீறிப் பார்த்து ஈரம் இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று சொல்வது வீட்டில் என் வேலை. அதற்காக வாங்கினேன். பாய் கத்தியோடு, தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலும் எடுத்து வைத்தார். நான் அதை அவர் பக்கமே திரும்பத் தள்ளி, எங்கள் வீட்டில் எண்ணெய் ஆறாக ஓடுகிறது என்று சொன்னேன். (அந்தத் திமிருக்கு இப்போது நினைத்தாலும் எனக்கு நானே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.) அவர் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கத்தியைப் பராமரித்த பராமரிப்பு இருக்கிறதே, கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்கு எண்ணெய்க் குளியல். கீலில் எண்ணெய், ஸ்பிரிங்கில் எண்ணெய், துரு வந்துவிடுமோ என்று அலகு முழுக்க எண்ணெய். மிச்சத்தை என் தலையில் தேய்த்துக்கொள்வேன்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சாணைக்கல்லில் தீட்டினேன். கூர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, இடது கையில் இருக்கிற முடியை மழித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தார். (பெண்ணுக்கு வலது கையில் மட்டும்தான் முடி இருக்கிறது என்பதைப் பெண் பார்க்க வந்தவர்கள் கவனிக்காதது என் அதிர்ஷ்டம்.) தீட்டத் தீட்ட, மாவிலை அகலத்தில் இருந்த அலகு வேப்பிலை அகலத்துக்கு வந்துவிட்டது. கொப்பரையை நெம்பியதில் முனை போயிற்று. அலகில் லேசாக ஆட்டம் கண்டதும், மில்லில் இருந்த சுத்தியலை எடுத்துக் கீல் ஆணியில் நாலு போடு போட்டேன். ஆட்டம் நின்றது. கத்தி திறப்பதும் ஏறக்குறைய நின்றது. அதற்கும் மருந்தாக இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

கைப்பிடியின் பள்ளத்துக்குள் இத்தனை வருட எண்ணெயும், கொப்பரைத் தூளும், சுடிதார் பையின் பஞ்சும் சேர்ந்து திரட்டுப்பால் பதத்தில் ஒன்று உருவாகியிருந்தது. எனக்கு அது தெரியாது. காங்கேயத்து வெயிலிலும் என் பையின் கதகதப்பிலும் அது எப்போதும் இளகியே கிடந்ததால் கத்தி வழுக்கிக்கொண்டு திறக்கும். நானும் என் திறமையை மெச்சிக்கொள்வேன்.

ஐப்பசியில் எனக்குக் கல்யாணம் ஆகிப் பெருந்துறைக்குப் போனேன். கத்தியும் கூட வந்தது. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அத்தை (என் மாமியார்) தன் புதுச் சேலையில் தொங்கிய நூலை அறுக்கக் கத்திரிக்கோல் தேட, நான் ஆர்வக்கோளாறில் பர்ஸைத் திறந்து கத்தியை உருவி, ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினேன். நூலோடு சேலையும் கொஞ்சம் வந்தது.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அதுவரை என்னைக் கண்ணு, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை சேலையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, எங்கூட்டுல கத்திரிக்கோல் இல்லீன்னு யாராச்சும் உங்ககிட்டச் சொன்னாங்களாங்க?"

ஒரு வாக்கியத்தில் அத்தனை 'ங்க' வந்தால் ஓடி ஒளிய வேண்டும் என்பது கொங்கு நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நானோ கத்தியின் அருமை பெருமைகளை விளக்க ஆரம்பித்தேன். எதற்கெல்லாம் பயன்படும், எப்படிப் பராமரிக்கிறேன் என்று நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தை தீர்ப்புச் சொன்னார். மார்கழியில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறோம். அங்கே இந்தக் கத்தியால் உருப்படியாக ஒரு காரியம் நடந்தால் நானே வைத்துக்கொள்ளலாம். நடக்கவில்லையென்றால் கத்தி அவருடைய பீரோவுக்குள் போகும், திரும்பி வராது.

பீரோ என்றால் சாதாரண பீரோ இல்லை. என் கணவர் சதீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பறிமுதல் செய்யப்பட்ட கவண் இன்னும் அதற்குள்தான் இருக்கிறதாம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஊட்டியில் கத்திக்கு என்ன வேலை இருக்க முடியும்? அந்த நேரத்தில் எனக்குக் கடவுளாகத் தெரிந்தவர் மாமா, அதாவது என் மாமனார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கு பேக் செய்து அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி கட்டுவதில் அவருக்கு வெறி. கம்பெனியில் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் பட்டையும் அதை இறுக்கிக் கிளிப் அடிக்கிற கருவியும் வீட்டிலேயே வைத்திருக்கிறார். கிளம்புகிற அன்று விடிகாலையில் அத்தை ஒரு பெரிய போசி (பாத்திரம்) நிறைய அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி, மூடி போட்டு வைத்தார். வழியில் சிந்தக் கூடாது என்று மாமா அந்தப் போசியை அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, பெட்டியைச் சாக்கில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் பட்டை போட ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு பட்டை போடுங்கள் மாமா என்றேன். மகிழ்ச்சியோடு போட்டார். இன்னும் ஒன்று கேட்டேன். அதையும் போட்டார். அத்தை எதற்கும் இருக்கட்டும் என்று பையில் கத்திரிக்கோலை வைக்கப் போனபோது, அது எதற்கு, சுமைதானே என்று நானே வாங்கி அலமாரியில் வைத்தேன்.

ஊட்டி தாண்டி அந்தப் புல்வெளியில் இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. எங்களை இறக்கிவிட்டு, டீசல் போட்டு வருவதாகச் சொல்லி டிரைவர் வேனோடு போய்விட்டார். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. அத்தை ஜமுக்காளத்தை விரித்தார். நங்கையாவும் (சதீஷின் அக்கா) அவர் கணவரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். பெட்டியை நடுவில் வைத்தோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்தே செய்திருக்கலாம்.) பர்ஸைத் திறந்து கத்தியை எடுத்து, அலகில் நகம் வைக்கிற பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். நகம் மட்டும் திறந்துகொண்டது.

சிரித்துச் சமாளித்தேன். சதீஷ் வாங்கி முயன்றார். பிறகு அண்ணா, அதாவது நங்கையாவின் கணவர், ஜிம்முக்குப் போகிறவர் என்பதால் அவரிடம் கொடுத்தோம். அவர் பல்லைக் கடித்து இழுத்ததில் கத்தி கைநழுவித் தயிர்ப் பாத்திரத்துக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்தோம். மாமா இனி கத்தி வேண்டாம் என்று நேரடியாகப் பட்டையிலேயே கையை வைத்தார். இழுத்தார், முறுக்கினார், சாவியால் அறுத்துப் பார்த்தார். பட்டை அசையவில்லை. நியாயமாக அவருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா, எப்படிக் கட்டியிருக்கறேன்னு" என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அப்போதுதான் கைப்பிடியின் பள்ளத்துக்குள் உற்றுப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒன்று இறுகிக் கிடந்தது. மார்கழிக் காலையில் குளியலறை பாட்டிலில் பார்க்கிற அதே வெள்ளை. எங்கள் மில் எண்ணெய் உறைந்து, இத்தனை வருடத் தூளையும் பஞ்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிமெண்ட் போட்டதுபோல அலகைப் பூட்டி வைத்திருந்தது. எண்ணெய் மில்லுக்காரர் பெண்ணுக்கு எண்ணெய் உறையும் என்று தெரியவில்லை என்பதை இவர்கள் பேரன் பேத்தி எடுக்கும்வரை சொல்லிக்காட்டுவார்களே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

வாயால் ஊதினேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். கடைசியில் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு, முட்டையை அடைகாக்கிற கோழி மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றேன். நங்கையா அருகில் வந்து, என்ன செய்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். உருக்குகிறேன் என்றேன். அவர் திரும்பிப் போய்த் தன் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அக்குளே மரத்துப்போகிற குளிரில் எது உருகும்?

சதீஷ் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோடு சொன்னார்.

"என்றகிட்ட லைட்டர் இருக்குது."

"லைட்டர் எதுக்குங்க உங்களுக்கு?"

அவர் பனிமூட்டத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்க்கத் தொடங்கினார். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்குத் தேநீர்கூடப் பழக்கமில்லை என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு மாதத்தில், இப்படி ஒரு நிலைமையில், எனக்கு இந்த உண்மை தெரிய வேண்டுமா? கோபப்படக்கூட நேரமில்லை. லைட்டரை வெளியே எடுத்தால் அவர் மாட்டிக்கொள்வார். எடுக்காவிட்டால் என் கத்தி போய்விடும். நாங்கள் இருவரும் முதல்முறையாகக் கணவன் மனைவியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று வந்திருந்தது. அதற்குள் ஜமுக்காளத்தில் இருந்து குரல் வந்தது. அத்தை எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சதீசு, அந்த லைட்டரக் கொண்டாங்க."

'கொண்டா' இல்லை, 'கொண்டாங்க'. சதீஷ் தலைகுனிந்தபடி போய் நீட்டினார். எந்தப் பையில் இருக்கிறது என்பதுவரை அத்தைக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். என் கையில் இருந்த கத்தியையும் வாங்கி, முந்தானையில் பிடித்துக்கொண்டு, பணியாரக் கல்லுக்குத் தீ வைக்கிற நிதானத்தோடு கீலைச் சுற்றிச் சூடு காட்டினார். உள்ளே இருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் வழிந்தது. கூடவே வறுத்த கொப்பரை வாசம் கிளம்பி, எல்லோருடைய பசியையும் இரண்டு மடங்காக்கியது. பிறகு தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, நகப்பள்ளத்தில் கொடுத்து நெம்பினார். டக்கென்று அலகு திறந்தது.

அத்தை பட்டைமேல் கத்தியை வைத்தார். இழுக்கவே இல்லை, வைத்தார், அவ்வளவுதான். பட்டை இரண்டாகப் பிரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று மாமாவின் கட்டுகள் எல்லாம் வரிசையாக விழுந்தன. மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அரிசியும் பருப்பும் ஆறிப்போயிருந்தாலும் அமிர்தமாக இருந்தது. எல்லோரும் இரண்டாவது தட்டுக்கு வந்த பிறகு, கொஞ்சம் தைரியம் வந்து, காரியம் நடந்துவிட்டதே அத்தை என்று மெல்ல இழுத்தேன். அத்தை கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்துச்சு கண்ணு. கூரு அருமையா வெச்சிருக்கற. பீரோவுல வெச்சுப் பூட்டுற சாமானா இது?"

புகுந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். உச்சி குளிர்ந்துபோனது. கையை நீட்டினேன்.

"நானே வெச்சுக்கறேன்" என்று மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து அழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், கத்திக்குள் எண்ணெய் நன்றாகக் கட்டியாக உறைந்ததா என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றதும் அவர் குரலில் வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. "கலப்பட எண்ணெயா இருந்திருந்தா கத்தி நல்லாத் தொறந்திருக்கும் சாமி" என்றார். இன்றைக்கும் மில்லுக்கு வருகிற புது வாடிக்கையாளர்களுக்கு என் அவமானத்தைச் சொல்லித்தான் எண்ணெய் விற்கிறார்.

பெருந்துறையில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடி திறக்கவில்லை என்றாலும், யாராவது காலையில் எழுந்திருக்க மறுத்தாலும், "அந்த லைட்டரக் கொண்டாங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். கத்தி அத்தையின் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. கீரைக்கட்டு, மாத்திரை அட்டை, கூரியர் பெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான். எனக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். தீட்டிக் கொடுக்கிற பொறுப்பு மட்டும் இன்றும் என்னுடையது.

சதீஷ் அந்த மலையிலேயே சாமி சத்தியமாகச் சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்தார். நானும் நம்பினேன். போன மார்கழியில் மறுபடி ஊட்டிக்குக் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, அத்தை வேனுக்குள் இருந்தபடியே, கத்தியைத் துடைத்துக்கொண்டே, மேலே குளிருமே, லைட்டர் பத்திரமாக இருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். பேச்சு சுவாரசியத்தில் இருந்த சதீஷின் கை, தானாகப் போய்ச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.