தங்கிப் போகும் பிள்ளைக்கு எங்கள் தகுதி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. ரத்தம், சளி, கண், காது எல்லாம் பார்த்து டாக்டரே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? போன தடவை போனில் நீ, "பெத்துக்கிறதுக்கு யாரும் பர்மிஷன் கேக்கறதில்ல, வளக்கறதுக்கு மட்டும் எதுக்குடி இத்தனை கேள்வி?" என்றாய். அதற்குப் பதில் வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்று. ஆளாளுக்குத் தப்பாகப் பேசுகிறார்கள், இது தத்து இல்லை. பெற்றவளுக்கு உடம்பு முடியாமலோ வீட்டு நிலைமை சரியில்லாமலோ இருக்கும்போது அவள் பிள்ளையை நாம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் தலை நிமிர்ந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்குத்தான் குழந்தைகள் நல ஆபீசில் வயது பார்த்தார்கள், வருமானம் பார்த்தார்கள், போலீஸ் ஸ்டேஷனில் நற்சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே இருந்த ஏட்டு இவரை ஏற இறங்கப் பார்த்து, "பூட்டு ரிப்பேர்காரர்ங்கறீங்க, ஒரு கேஸ் கூடவா இல்ல?" என்றார், ஏதோ இவருக்குத் தொழிலில் சாமர்த்தியம் போதாது என்பதுபோல.

அப்புறம் பயிற்சி வகுப்பு. சலவைக் கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு நின்ற காலோடு ஓடுவேன். வகுப்பெடுத்தவளுக்கு எங்கள் மகள் வயது இருக்கும், மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால். "குழந்தை கோவத்துல தட்டைத் தூக்கி அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். ஒருவர் அணைத்துக்கொள்வேன் என்றார், ஒருவர் பொறுமையாகப் பேசுவேன் என்றார். இவர் எழுந்து நின்று, "குனிஞ்சுக்குவேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டாள். அது என்னவென்று இன்றுவரை தெரியாது.

அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்றதும் மாடி வீட்டு டிரைவிங் மாஸ்டரிடம் நல்ல வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தேன். அந்த மகராசன், "தங்கமான மனுஷங்க மேடம், சத்தமே வராது, வீட்ல ஆள் இருக்காங்களான்னே தெரியாது" என்று சொல்லி வைத்தார். உடனே ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறது உண்டா?" என்கிறாள். பாராட்டும் நமக்கு வில்லங்கமாகத்தான் வந்து சேரும்.

வீட்டில் இருக்கிற எல்லாரும் சம்மதிக்க வேண்டுமாம். மாமனாருக்குக் காது மிஷின் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதைப் போட்டுக்கொள்வதில்லை. அவரிடம் போய் அதிகாரியம்மா, "ஐயா, வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகுது, உங்களுக்குச் சம்மதமா?" என்று உரக்கக் கேட்டாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா?

மருந்து, கத்தி, சோப்புத்தூள் எல்லாம் பூட்டித்தான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. உலகத்துக்கெல்லாம் பூட்டுப் போட்ட மனிதர், எங்கள் வீட்டில் ஒரு அலமாரிக்குக்கூடப் பூட்டு கிடையாது. சொன்னதும் ரோஷம் வந்து கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினார், பாத்ரூம் கதவுக்கும் புதிதாக ஒன்று. போன வாரம் வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரியம்மா கை கழுவ உள்ளே போனாள். போனவள் போனவள்தான். "பயப்படாதீங்க மேடம், குழந்தை மாட்டிக்கிட்டா வெளியிலருந்து திறக்கற மாதிரிதான் வச்சிருக்கேன்" என்று இவர் தைரியம் சொன்னார். சாவி இழுப்பறையில். இழுப்பறை பூட்டியிருந்தது. அதன் சாவி இவர் கடையில். கடைசியில் கதவையே உடைத்தார்.

தலையெல்லாம் மரத்தூளோடு அந்த அம்மா வெளியே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "கடைசியா ஒண்ணு. குழந்தை திரும்பிப் போற அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். சந்தோஷமாக வழியனுப்புவோம் என்று சொல்ல வேண்டும், வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். நான் அதை ஒப்பிப்பதற்குள் இவர் திருப்புளியும் கையுமாக நின்றபடியே, "அழுவோம் மேடம். ஆனா அவங்கம்மா வர்றதுக்கு முன்னாடியே அழுது முடிச்சிடுவோம்" என்றார். அவள் மரத்தூளைத் தட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் போனும் இல்லை, தகவலும் இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டோம். போதும் அக்கா. விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறோம். நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று இருந்துவிட்டால் யார் வந்து பூட்டைப் பார்க்கப் போகிறார்கள்? இவரும் சரி என்று சொல்லிவிட்டு, புதிதாக வாங்கிய சின்னக் கட்டிலைக் கழற்ற ஸ்பானரோடு உள்ளே போனார். போய் வெகுநேரம் ஆகிறது. அந்தக் கட்டிலின்மேலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், பெரியவன் வேண்டாம் என்றாலும் விடாதே.

இப்படிக்கு,
அலுத்துப்போன உன் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு, திரும்ப எழுத எனக்கு நேரமில்லை. கவரை ஒட்டப் போகும்போது கதவு தட்டுகிற சத்தம். அதிகாரியம்மா, கையில் ஒரு குட்டிப் பெண். "உங்க பேப்பர் எல்லாம் அன்னிக்கே பாஸ் ஆயிடுச்சே, தபால் வரலையா? இவ அம்மாவை ஆபரேஷனுக்குச் சேத்திருக்காங்க. இப்பவே வச்சுக்க முடியுமா?" என்றாள். முடியும் என்று நான் சொல்வதற்குள் பிள்ளை இவர் தோளுக்குப் போய்விட்டது. அம்மா வந்துதான் ஷூவைக் கழற்ற வேண்டுமாம், வேறு யாரும் தொடக் கூடாதாம். சரி என்று விட்டுவிட்டோம். அந்தச் சின்னக் கட்டிலில் ஷூவோடுதான் தூங்குகிறாள். புது விரிப்பெல்லாம் மண். போகட்டும், துவைத்துக்கொள்ளலாம்.