அங்கீகரிக்கப்பட்ட விரிசல்கள்

பொதுக் கட்டடங்கள் யாவும் அந்தந்த வட்டாரத்தின் நிலத்தோற்றத்தைத் தம் முகப்பில் பிரதிபலிக்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்தபோது, அந்த ஊரில் புதிய பத்திரப்பதிவு அலுவலகம் முக்கால்வாசி எழும்பி நின்றது. மேலிடத்தில் யாரோ வெளிநாடு போய்வந்திருக்க வேண்டும்.

கட்டடத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளரை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், அலுவலகத்தில் ‘ரசமட்டம்’ என்பார்கள். சுவர் ஒரு நூல் பிசகினாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்லும் ஆசாமி. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. வேலை முடிந்து நிறைவுச் சான்றிதழ் வந்த மறுநாளே, மனைவியும் மகளும் இருக்கும் ஊருக்கு மாற்றல் தருவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். நான்கு வருடப் பிரிவு. ‘உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?’ என்று பள்ளியில் கேட்டதற்கு மகள், ‘போனில் பேசுகிறார்’ என்று எழுதியிருந்தாள். கேட்டுச் சிரித்தாரே தவிர, அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆணை சரி, நிலத்தோற்றத்துக்கு எங்கே போவது? ஊரில் மலை கிடையாது, ஆறு கிடையாது. ஏரி ஒன்று உண்டு. அதில் தண்ணீர் கிடையாது.

“வெடிச்சுக் கிடக்கிற ஏரித்தரைதான் சார் இருக்கு” என்றார் ரசமட்டம்.

“அதுதான்யா நம்ம அடையாளம்! அச்சு எடு!” என்றார் மேலதிகாரி.

காய்ந்த தரைமேல் ரப்பர் குழம்பை ஊற்றி அச்சு எடுத்தார்கள். அச்சில் கான்கிரீட் வார்த்து, பாளம் பாளமாக வெடித்த பலகைகளைக் கட்டடத்தைச் சுற்றிப் பதித்தார்கள். பின்சுவர் மட்டும் வெறுமனே நின்றது. உள்ளதைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சான்றிதழ் தர வந்த ஆய்வு அதிகாரி படிவத்தின் பதினான்காவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சுவரில் விரிசல் உண்டான்னு கேட்டிருக்கு. உண்டுன்னா கட்டடம் ஆபத்து. இல்லைன்னா ஆணையை மீறினதாயிடும். எதைப் போடட்டும்?”

“அது விரிசல் இல்ல சார், நிலத்தோற்றம்.”

“படிவத்துல நிலத்தோற்றத்துக்குக் கட்டம் இல்லையே!”

நியாயமான பேச்சு. கலந்தாலோசித்து இருவரும் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு விரிசலையும் அளந்து, எண் கொடுத்து, ‘அங்கீகரிக்கப்பட்ட விரிசல்கள் பதிவேடு’ ஒன்று தயாரிப்பது. படிவத்தில் ‘அங்கீகாரம் பெறாத விரிசல் ஏதுமில்லை’ என்று எழுதுவது. ரசமட்டம் பதினொரு நாள் சாரத்தில் தொங்கி, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு விரிசல்களைப் பதிந்தார்.

பன்னிரண்டாம் நாள், பலகையே பதிக்காத பின்சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கியிருந்தது. அஸ்திவாரம் ஒரு பக்கம் அமர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. முறைப்படி தோண்டிப் பலப்படுத்தினால் இன்னும் ஒரு வருடம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“அப்பா, அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை வந்துடுவீங்கல்ல?”

“வந்துடுவேன்டா கண்ணு” என்றவர், பதிவேட்டைத் திறந்து 1147 என்று எழுதினார்.

திறப்பு விழாவுக்கு வந்த தலைமை அதிகாரி கட்டடத்தைச் சுற்றிவந்து பின்சுவருக்கு எதிரே நின்றுவிட்டார். “மத்ததெல்லாம் அச்சு. இதுலதான்யா ஜீவன் இருக்கு! யாரு செஞ்சது?” எல்லா விரல்களும் ரசமட்டத்தைக் காட்டின. மறுநாள் பத்திரிகையில் அவர் படம். மனு கொடுக்க வந்தவர்கள்கூட மனுவை மறந்துவிட்டு 1147-க்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லா அலுவலகங்களும் 1147-ஐ முன்மாதிரியாகக் கொள்ளுமாறு சுற்றறிக்கை பறந்தது. ஒரே வாரத்தில் பதில்கள் குவிந்தன. ‘மேற்படி வேலைப்பாடு எங்கள் கட்டடத்தில் பத்தாண்டுகளுக்கு முன்பே செவ்வனே நிறைவேறிவிட்டது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ பள்ளிக்கூடம், மருத்துவமனை, தபால் நிலையம், ஒன்று பாக்கியில்லை. பழுதுபார்க்கக் கோரிக் கிடந்த விண்ணப்பங்கள் எல்லாம் ‘நிலத்தோற்றம்’ என்று குறிப்பெழுதி முடித்துவைக்கப்பட்டன. ஊழியர்களும் மாடியில் ஒழுகிய இடத்துக்கு அடியில் இருந்த வாளியை எடுத்துவிட்டு, விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டினார்கள்.

இத்தனையையும் அளந்து எண் கொடுக்க நாட்டில் ஒரே ஒருவருக்குத்தான் அனுபவம் இருந்தது.

“இப்பேர்ப்பட்ட திறமையை வெளியூருக்கு விட மனசு வருமாய்யா?” என்று மேலதிகாரி தழுதழுத்தார். மாற்றல் ரத்தானது. ரசமட்டம் ‘விரிசல் அங்கீகார அலுவலர்’ ஆனார்.

மகள் கேட்ட அந்த வெள்ளிக்கிழமை மனைவியே போன் செய்தாள்.

“என்னங்க, நம்ம படுக்கையறைச் சுவர் மேலேருந்து கீழ வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. வீட்டு ஓனரைச் சரிபண்ணச் சொன்னா, பேப்பர்ல உங்க படத்தைக் காட்டுறாரு. ‘சார் கையெழுத்துப் போட்டா அழகு, நம்ம வீட்டுல விட்டா குறையா’ன்னு கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்ல?”

“முதல்ல பாப்பாவைக் கூடத்துல படுக்க வை” என்றார் ரசமட்டம். கை தானாகப் பதிவேட்டைப் பிரித்தது.

“நீளம் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார்.